பெரியப்பாவின் தகரப்பெட்டி: தங்கவயல் குடும்பமொன்றின் பூர்வீகத்தைத் தேடி

வமிசாவளி என்றால் அது அரசர்களுக்கும் பாளையக்காரர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காலின் மெக்கன்சி தென்னாடு முழுவதும் ஆள் அனுப்பித் திரட்டிய கைபீதுகளையும் வமிசாவளிகளையும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் கோட்டை கட்டியவர்கள், குளம் வெட்டியவர்கள், கப்பம் கட்டியவர்கள், கப்பம் கட்ட மறுத்தவர்கள் ஆகியோரின் கதைகள்தான் கிடைக்கும். அடுத்த படியில் இருப்பவர்கள் நிலம் உடையவர்கள். 1858-ல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் ஏற்பட்டு ஒவ்வொரு இனாமுக்கும் 'இது யாருடையது, எப்படி வந்தது, இப்போது அனுபவிப்பவர் யார்' என்று விசாரித்துப் பதிவேடு எழுதியது. 1865 முதல் பத்திரப் பதிவு முறை வந்தது. எனவே நிலம் இருந்த குடும்பம் ஒன்று, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் பொறுமையாக உட்கார்ந்தால் கொள்ளுப்பாட்டனார் பெயரையாவது கண்டுபிடித்துவிடலாம்.

நிலம் இல்லாதவன் கதை வேறு. பட்டா இல்லை, பத்திரம் இல்லை, வில்லங்கச் சான்று வாங்க ஒரு சொத்தும் இல்லை. மேல்நாட்டார் தங்கள் முன்னோரைத் தேடும்போது முதலில் போய்ப் பார்ப்பது பழைய குடிக்கணக்குத் தாள்களை. நம் நாட்டில் அந்த வழியும் கிடையாது. வீடு வீடாக எழுதிய அந்தத் தாள்களைக் கணக்கு கூட்டி முடித்தபின் காப்பாற்றி வைக்கும் வழக்கம் இங்கே இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் குடிக்கணக்குச் சட்டமும் தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட இடம் தருவதில்லை. நிலம் இல்லாதவன், எழுத்து தெரியாதவன், ஊரை விட்டுக் கிளம்பியவன் - இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்துவிட்டால்? கர்நாடகத்தில் வாழும் தமிழர்களில் பெரும்பகுதியினரின் முன்னோர் அப்படிப்பட்டவர்களே. குறிப்பாகக் கோலார் தங்கவயலுக்கு வந்தவர்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

எங்கள் குடும்பத்தில் இந்தத் தேடலைத் தொடங்கியவர் என் பெரியப்பா. சுரங்க ஆபீஸில் குமாஸ்தா. 1974-ல் ஆரம்பித்து 1986 வரை விட்டு விட்டு எழுதினார். பிறகு உடம்பு முடியவில்லை; காலமானார். அவருடைய காகிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் பெரியம்மாவின் கட்டிலுக்குக் கீழே முப்பது வருஷம் கிடந்தன. பெரியம்மா மறைந்த பின் 2017-ல் அந்தப் பெட்டி பெங்களூருக்கு என் வீட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் பழைய பேப்பர்காரர் வீட்டைக் காலி செய்ய உதவிவிட்டுப் போயிருந்தார் என்று தங்கை சொன்னபோது எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. பெட்டி பூட்டியிருந்ததால் தப்பியது.

உள்ளே மூன்று நோட்டுப் புத்தகங்கள், நாற்பத்தேழு கடிதங்கள், பதினான்கு புகைப்படங்கள், ஒரு கேசட், தாத்தாவின் வேலைச் சான்று, வரவு செலவுத் துண்டுச் சீட்டுகள், எதற்கென்று தெரியாத ரசீதுகள். நல்ல மனிதர் பெரியப்பா, கேட்டதையெல்லாம் எழுதினார். யார் சொன்னது, எந்த வருஷம் சொன்னது என்பதைத்தான் எழுதவில்லை. அவர் காலத்தில் அதற்கு அவசியமும் இருந்திருக்காது. சொன்னவர்கள் எல்லோரும் பக்கத்து லைனில்தான் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் சாயங்காலம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். 2017-ல் அவர்களில் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். அவர் என் அத்தை, ஆண்டர்சன்பேட்டையில் இருப்பவர்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. மூடியபின் குடும்பங்கள் சிதறின. இளைஞர்கள் விடிவதற்கு முன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார்கள். பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது காகிதம். 2018-ல் கன்னடத்தில் 'கே.ஜி.எஃப்.' படமும் 2024-ல் தமிழில் 'தங்கலான்' படமும் வந்தபின் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே "தாத்தா, நாம எந்த ஊரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் மூன்று பதில்கள் இருந்தன. அதுதான் சிக்கல்.

ஒரு கிளையார் நாம் வட ஆற்காட்டுக்காரர்கள் என்பார்கள். இன்னொரு கிளையார் சித்தூர் ஜில்லா என்று சத்தியம் பண்ணுவார்கள். அவர்களில் ஒருவர், நாம் பூர்வீகத்தில் தெலுங்கர்களோ என்றுகூட ஒரு கல்யாணப் பந்தலில் பேச்சை எடுத்து, அதனால் இரண்டு வீட்டாருக்குள் பல வருஷம் பேச்சு வார்த்தை நின்றுபோனது. மூன்றாவதாக, 1975-ல் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து ஒருவர் 'நாமெல்லாம் பங்காளிகள்' என்று பெரியப்பாவுக்கு எழுதிய கடிதம். அதன் மேல் பெரியப்பா சிவப்புப் பென்சிலால் 'வேறு குடும்பம்' என்று குறித்திருந்தார். ஊரின் பெயர் மட்டும் மூன்றிலும் ஒன்றே. ஆனால் நம் நாட்டில் ஒரே பெயரில் பத்து ஊர் இருப்பது சகஜம். 1979-ல் பெரியப்பா வாலாஜா பக்கம் அதே பெயருள்ள கிராமத்துக்குப் போய் இரண்டு நாள் விசாரித்து, யாரும் தெரியாது என்று கைவிரித்த பிறகு திரும்பி வந்தார். தேடல் சுணங்கியது அங்கேதான்.

நான் மறுபடி தொடங்கியபோது எனக்கு நானே சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டேன். பணியில் இருந்த காலத்தில் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். பின் கார்டும் வரவு ரெஜிஸ்டரும் எனக்குப் புதிதல்ல. முதல் விதி, படிப்பதற்கு முன் எண் போடுவது. பெட்டியில் எது எதற்குப் பக்கத்தில் இருந்ததோ அந்த வரிசை கலையாமல் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு எண்ணைப் பென்சிலால் பின்புறத்தில் எழுதி, ஒரு நோட்டில் 'எண் 23: இன்லண்டு கடிதம், தேதி இல்லை, நீல மை' என்று பதிந்தேன். ஆர்வத்தில் உடனே படிக்க உட்கார்ந்தால் கடிதங்கள் கலந்துவிடும். இரண்டு கடிதங்கள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு செய்தி. இந்த வேலைக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. வீட்டில் சிரித்தார்கள்.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு தாள். அதில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது எந்த எண் காகிதத்திலிருந்து வந்தது, அல்லது யார் எந்தத் தேதியில் சொன்னது, அவர் கண்ணால் பார்த்தாரா காதால் கேட்டாரா என்பதையும் எழுத வேண்டும். 'பார்த்தது' என்பதற்குப் 'பா', 'கேட்டது' என்பதற்குக் 'கே'. தாத்தாவின் தாளில் இப்போது அவருக்கு இரண்டு பிறந்த வருஷங்கள் உள்ளன. 1938-ஆம் வருஷத்து வேலைச் சான்றின்படி வயது 42. 1944-ஆம் வருஷத்து இன்னொரு சீட்டின்படி 45. இரண்டையும் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். இடையில் ஒன்றைப் பிடித்துப் போட்டால் அது இரண்டு காகிதத்திலும் இல்லாத மூன்றாவது பொய்யாகிவிடும். பள்ளிச் சான்றிதழ்களிலும் இதே கூத்துதான். நம் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததற்குக் காரணம் ஜாதகம் அல்ல, ஹெட்மாஸ்டர்.

மூன்றாவது, தேடல் நாட்குறிப்பு. எங்கே போனேன், என்ன கேட்டேன், என்ன கிடைத்தது என்பதோடு, என்ன கிடைக்கவில்லை என்பதையும் அதில் எழுதுகிறேன். கிடைக்காததை எழுதாவிட்டால் இரண்டு வருஷம் கழித்து அதே கதவை மறுபடி தட்டிக்கொண்டிருப்போம்.

தேதி இல்லாத காகிதங்களை என்ன செய்வது? நண்பர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. காகிதமே தன் வயதைச் சொல்லும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தையது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முன். 'மைசூர் ஸ்டேட்' என்றால் 1973 நவம்பருக்கு முன். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், பழைய லெட்டர் பேடு தீரும் வரை நம்மவர்கள் விடமாட்டார்கள். நயா பைசா என்று கணக்கு எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பின். அணாவும் பையும் என்றால் அதற்கு முன். தங்கவயல் குடும்பங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சுரங்கங்களை 1880 முதல் நிர்வகித்தது ஜான் டெய்லர் கம்பெனி. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் ஏற்றன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவாயிற்று. ஆகவே சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே அது எந்தக் காலகட்டத்தது என்று மட்டுப்படுத்திவிடலாம். இப்படி எங்கள் பெட்டியின் தேதியில்லாத முப்பத்தோரு காகிதங்களில் இருபத்தாறுக்கு உத்தேச வருஷம் கிடைத்தது.

தமிழ் வருஷப் பெயர்கள் இன்னொரு தலைவலி. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதால், 'துன்மதி வருஷம் தை மாசம்' என்று மட்டும் இருந்தால் அது 1862-ஆ, 1922-ஆ, 1982-ஆ என்பதை வேறு சாட்சி வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வருவாய்த் துறைக் காகிதத்தில் பசலி இருக்கும். ஜூலையில் தொடங்கும் பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். நம் சங்கத்தில் திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டு அன்பர்கள் பலர் உண்டு. அவர்கள் வீட்டு ஓலைகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பின் 825 கூட்டிக்கொள்ள வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு தாள் என்பதுபோல ஊருக்கும் ஒரு தாள் போட்டேன். ஊர்ப் பெயர் வரும் ஒவ்வொரு காகிதத்தையும் அதன் வருஷத்தோடு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். கொள்ளுத்தாத்தா கைநாட்டு வைத்த ஒரு பிராமிசரி நோட்டு, 1906: 'வட ஆற்காடு ஜில்லா, தற்சமயம் மாரிகுப்பம்'. தாத்தாவின் வேலைச் சான்று, 1938: 'சித்தூர் ஜில்லா'. பெரியப்பா ஒதுக்கிவைத்த கடிதம், 1975: 'செங்கல்பட்டு ஜில்லா, திருத்தணி தாலுகா'. மூன்று வருஷங்களும் பக்கத்தில் நின்றவுடனே விடை தானாக எழுந்து உட்கார்ந்தது.

திருத்தணிப் பகுதி கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தது. அப்போதைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவுக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரலில் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிக்கப்பட்டபோது திருத்தணியும் அதோடு போயிற்று. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, இவற்றின் பயனாக 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு ஜில்லாவில் இணைந்தது. 1997-ல் அந்த ஜில்லா பிரிந்தபோது திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. தொண்ணூறு வருஷத்துக்குள் நான்கு ஜில்லா பார்த்துவிட்டது. ஆற்காட்டுக்காரர் என்றதும் சரி, சித்தூர்க்காரர் என்றதும் சரி, செங்கல்பட்டுக் கடிதக்காரர் வேறு குடும்பமும் அல்ல. 1979-ல் பெரியப்பா கையில் வைத்திருந்தது அன்றைய வட ஆற்காடு வரைபடம். அதில் திருத்தணி கிடையாது.

2018 மார்ச்சில் திருத்தணிக்கு மேற்கே உள்ள அந்தக் கிராமத்துக்குப் போனேன். போகும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: நாம் முந்திக்கொண்டு 'கோலார்' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. நாம் சொல்லிக்கொடுத்து அவர்கள் வாயால் திரும்பக் கேட்பது சாட்சி ஆகாது. காலனிப் பக்கம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம், "இந்த ஊரை விட்டு அந்தக் காலத்துல வெளியூர் பொழைக்கப் போனவங்க யாராச்சும் உண்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். ரங்கூனுக்குப் போனவர்கள், சென்னை பின்னி ஆலைக்குப் போனவர்கள் என்று பேச்சு சுற்றி வந்தது. பிறகு ஒரு கிழவர், "அதோ தெரியுது பாரு, அது கோலாரான் கொல்லைன்னு பேரு. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார். இன்னொருவர், "ஏன் தெரியாது? அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒருத்தன் தங்கம் வெட்டப் போனான், ஒருத்தன் இருந்தான்" என்றார். இருந்தவனுடைய பேரனின் மகன்தான் 1975-ல் கடிதம் எழுதியவர். அவர் இப்போது இல்லை. அவர் வீட்டில் எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. தெலுங்கரா தமிழரா என்று சண்டை போட்டவர்கள் இருவரையும் அடுத்த ஆடியில் அதே வீட்டுக்கு நான் அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கத்தில் எல்லோரும் இரண்டு பாஷையும் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தபின் அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த கேள்வி, எப்போது வந்தார்கள்? பெரியப்பாவின் முதல் நோட்டில் முதல் வரி: 'தாது வருஷப் பஞ்சத்தில் வந்தோம்.' தங்கவயலில் பத்துக் குடும்பங்களைக் கேட்டால் ஏழு குடும்பங்கள் இதையே சொல்லும். தாது வருஷம் என்பது 1876-77. அந்தப் பஞ்சத்தின் கொடுமை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். லவேல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய் மைசூர் அரசிடம் தங்கம் தேட உரிமம் பெற்றதே 1875-ல்தான். ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880-ல். கையில் இருந்த பணமெல்லாம் தீர்ந்து, 1880-களின் நடுவில்தான் வளமான தங்க நரம்பு அகப்பட்டது. 1876-ல் அங்கே ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு வேலை ஏது? மேலும் அதே பஞ்சம் மைசூர் ராஜ்யத்தையும் விட்டுவைக்கவில்லை. 1871-ல் 50 லட்சத்துக்கு மேல் இருந்த மைசூரின் ஜனத்தொகை 1881 கணக்கெடுப்பில் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பஞ்சத்துக்குப் பயந்து ஆற்காட்டிலிருந்து மைசூருக்கு ஓடுவது வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை.

அத்தை சொன்ன ஒரு சின்ன விஷயம் இங்கே உதவியது. "எங்க ஆயா சொல்லும், பௌரிங்பேட்டையில ரயில எறங்கி தலையில மூட்டையோட நடந்தே வந்தோம்னு. மூணு நாளு காலு வீங்கிக் கெடந்துதாம்." பௌரிங்பேட்டை என்பது இன்றைய பங்காரப்பேட்டை. அங்கிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளை ரயில் 1894-ல் வந்துவிட்டது. தாத்தா பிறந்தது 1896-க்கும் 1899-க்கும் இடையில், மாரிகுப்பத்தில். 1891-92-ல் சென்னை மாகாணத்தில் மீண்டும் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. எனவே எங்கள் ஆட்கள் 1891-க்கும் 1894-க்கும் நடுவில் வந்திருக்கலாம் என்பது என் முடிவு. ரயில் இருந்தும் காசில்லாமல் நடந்திருக்கலாமே என்று தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அதையும் தாளில் எழுதிவைத்திருக்கிறேன். தாது வருஷம் என்பது நம் பாட்டிமார் வாயில் ஒரு தேதி அல்ல. எல்லாப் பஞ்சத்துக்கும் அது ஒரு பெயர் ஆகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஒரே ஆளை இரண்டு ஆளாக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. தாத்தாவின் காகிதங்கள் ஒன்றில் அவர் 'பௌத்தர்'. மற்றொன்றில் 'ஆதி திராவிடர்'. பெரியப்பா இதைக் கண்டு, ஒரே பெயருள்ள இருவர் இருந்தார்களோ என்று ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 1907-ல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழைத் தங்கவயல் தொழிலாளிகள் காசு கொடுத்து வாங்கி, படிக்கத் தெரிந்தவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1914-ல் பண்டிதர் மறைந்த பின்னும் அந்த இயக்கம் அங்கே வாழ்ந்தது. சென்னை மாகாணத்தில் 'ஆதி திராவிடர்' என்பது 1922-ல் அரசு ஏற்ற பெயராயிற்று. சங்கத்து ரசீதில் ஒருவர் தன்னைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்வார். ஆபீஸ் சீட்டில் குமாஸ்தா வேறு எழுதுவார். ஒன்று அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர், மற்றது பிறர் எழுதியது. யார் கையால் எழுதப்பட்டது என்பதையும் இப்போது குறித்துவருகிறேன்.

1930-ல் கைரேகையோடு கூடிய தொழிலாளர் பதிவு முறையைக் கம்பெனி கொண்டுவந்தபோது, எங்களைத் திருடர்களாக்குகிறீர்களா என்று தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாத்தா அதில் நின்றவர் என்பது எங்கள் குடும்பத்தின் பெருமைகளில் ஒன்று. அவர் கைரேகை வைக்க மறுத்தது முற்றிலும் சரி. ஆனால் அந்தத் தாள் ஒன்று இன்று அகப்பட்டால் நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சரித்திரம் தேடுகிறவன் பாடு இப்படித்தான் கோணலாக இருக்கிறது.

ஆண்களைப் பற்றி இவ்வளவு கிடைத்தது. பெண்களைப் பற்றி? ரயிலிறங்கி மூட்டையோடு நடந்துவந்த அந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் 'லைன் ஆயா'. 1943 வாக்கில் தட்டி வீட்டில் இறந்தார். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லமாட்டாள், மாமியார் பெயரை மருமகள் சொல்லமாட்டாள், பிள்ளைகளுக்கு அம்மா, பேரப் பிள்ளைகளுக்கு ஆயா. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் திருத்தணிப் பக்கத்தில் விட்டுவந்தவர்கள். கேசட்டில் பெரியப்பா அவருடைய மகளிடமே, "உங்க அம்மா பேரு என்னங்க?" என்று கேட்கிறார். "அம்மா தான்" என்கிறார் அந்தப் பாட்டி. அதற்குப் பிறகு சிரிப்பு. பிறகு டேப் முடிகிறது.

ஆளுக்கு ஒரு தாள் என்ற பழக்கம் இங்கேதான் கைகொடுத்தது. லைன் ஆயாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவருடைய மூத்த பெண்ணின் பள்ளிச் சான்றிதழும், இளையவருடைய மூத்த பெண்ணின் கல்யாணப் பத்திரிகையும் பெட்டியில் இருந்தன. இருவரையும் நாங்கள் வீட்டில் 'பாப்பா', 'சின்னப் பாப்பா' என்றே அறிவோம். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டிலும் ஒரே பெயர். நம் வழக்கப்படி மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பார்கள். வைத்த பிறகு, மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று மருமகள் குழந்தையை வேறு பெயரால் கூப்பிடுவாள். இரண்டு வீட்டிலும் 'பாப்பா' என்று ஆனதற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. அத்தையிடம் போய், பெயரைச் சொல்லாமல், "பாப்பா அக்காவை உங்க அம்மா ஏன் பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாங்க?" என்று கேட்டேன். "அய்யோ, அது எப்பிடிக் கூப்பிடும்? அது பெரியவங்க பேராச்சே" என்றார். எந்தப் பெரியவங்க என்றதற்கு, "அதெல்லாம் எனக்கென்னா தெரியும், நான் சின்னப் பொண்ணு" என்று முடித்துவிட்டார்.

அது எங்கள் பக்கத்து அம்மன் ஒருத்தியின் பெயர். லைன் ஆயாவின் தாளில் தலைப்பில் அதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். எதிரே 'வழக்கத்தை வைத்து ஊகம். நேர்ச் சாட்சி இல்லை' என்ற குறிப்பும் உண்டு. மையால் எழுத வேண்டுமானால் இன்னும் ஒரு காகிதம் வேண்டும். தங்கவயல் சம்பந்தமான பழைய மைசூர் அரசுக் கோப்புகள் விதான சௌதாவில் உள்ள கர்நாடக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு கூலிக்காரன் மனைவியின் பெயர் இருக்கும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் வருஷ வாரியாக எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

பெட்டியில் இருந்தவை எல்லாம் இப்போது இரண்டு பிரதிகளாக இரண்டு வீட்டில் உள்ளன. செல்போனில் படம் எடுத்தவை மூன்றாவது பிரதி. பிள்ளைகள் கணினியில் ஏற்றித் தருகிறார்கள். அவர்கள் கோப்புக்குப் பெயர் வைக்கும் அழகைப் பார்த்துவிட்டு, காகிதத்தின் எண்ணையே கோப்பின் பெயராகவும் வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

புகைப்படங்கள்தான் பாக்கி. எண் 61 முதல் 74 வரை. பின்புறத்தில் எதிலும் பெயர் எழுதவில்லை. 68-ல் சயனைடு மேட்டுக்கு முன்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள். ஓரத்தில் முக்காடிட்ட ஒரு கிழவி, முகம் பாதி நிழலில். அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காலையில் பத்து மணிக்குள் நினைவு தெளிவாக இருக்கிறது, அதற்குப் பின் ஆட்கள் கலந்துவிடுகிறார்கள். படங்களைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் போகிறேன். 68-ஐத்தான் முதலில் காட்டப்போகிறேன்.